கேள்வி–பதில்: ஆறு பேரவைத் தொகுதிகள், நான்கு எம்.பி.க்கள் – புதுக்கோட்டையின் தேர்தல் கதை

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு மீண்டும் சூடுபிடித்திருக்கும் இவ்வேளையில், முந்தைய மறுவரையறையிலேயே தன் மக்களவைத் தொகுதியைப் பறிகொடுத்த புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை; பொறுத்தருள்க.

கேள்வி: எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு எம்.பி. இருந்தார் என்று என் தாத்தா அடிக்கடி சொல்கிறார். நான் முதன்முதலாக வாக்களித்ததோ திருச்சி தொகுதிக்கு. புதுக்கோட்டை என்ற பெயரில் மக்களவைத் தொகுதி உண்மையிலேயே இருந்ததா? எத்தனை தேர்தல்களைக் கண்டது?
— கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

தாத்தா சொல்வது முற்றிலும் உண்மை. நாட்டின் முதல் பொதுத் தேர்தலான 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து 2004ஆம் ஆண்டுத் தேர்தல் வரை, ஒன்றுகூட விடாமல் பதினான்கு பொதுத் தேர்தல்களில் புதுக்கோட்டை தன் பெயரிலேயே ஓர் உறுப்பினரை மக்களவைக்கு அனுப்பியது. அந்தப் பதினான்கு முறையும் வென்றவர்களை எண்ணினால் பதினொரு பேர் வருகிறார்கள்.

வரிசையாகச் சொல்வதானால், 1952இல் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு, 1957இல் காங்கிரசின் ஆர். இராமநாதன் செட்டியார், 1962இலும் 1967இலும் ஆர். உமாநாத் (முதல் முறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, இரண்டாம் முறை மார்க்சிஸ்ட் கட்சி), 1971இல் திமுகவின் வீரையா, 1977இல் அதிமுகவின் வி.எஸ். இளஞ்செழியன், 1980இல் இந்திரா காங்கிரசின் வி.என். சுவாமிநாதன், 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரசின் என். சுந்தரராஜ், 1996இல் திமுகவின் திருச்சி சிவா, 1998இல் அதிமுகவின் ராஜா பரமசிவம், 1999இல் எம்ஜிஆர் அதிமுகவின் (அதிமுகவிலிருந்து பிரிந்து அவரே தொடங்கிய தனிக் கட்சி) சு. திருநாவுக்கரசர், 2004இல் திமுகவின் எஸ். ரகுபதி. உமாநாத்தும் சுந்தரராஜும் தவிர வேறு எவரும் இத்தொகுதியில் இரண்டாம் முறை வென்றதில்லை என்பதைத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கே அது புதிய செய்தியாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலம் ஒன்றாக இருக்கவில்லை. 1957, 1967, 1977 தேர்தல்களுக்கு முன்பெல்லாம் எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. மாநிலத்தின் மக்களவை இடங்களே 1967இல் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. ஆகவே 1952இல் வல்லத்தரசுக்கு வாக்களித்த ஊர்களும் 2004இல் ரகுபதிக்கு வாக்களித்த ஊர்களும் ஒரே ஊர்கள்தாம் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: முதல் தேர்தலில் காங்கிரசை வென்ற கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி என்பது எந்தக் கட்சி? இன்று அந்தப் பெயரையே எவரும் அறியவில்லையே?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருக்கோகர்ணம்

காங்கிரசிலிருந்து விலகிய ஆச்சார்ய கிருபளானி 1951இல் தொடங்கிய கட்சி அது. பெயருக்கு ‘உழவர் தொழிலாளர் மக்கள் கட்சி’ என்று பொருள். சின்னம் குடிசை. சென்னை மாகாணத்தில் ஆந்திர கேசரி பிரகாசம் அதன் முகமாக விளங்கினார். தேர்தல் முடிந்த அதே 1952ஆம் ஆண்டிலேயே அது சோஷலிஸ்ட் கட்சியுடன் கலந்து பிரஜா சோஷலிஸ்ட் கட்சியாகிவிட்டது. ஒரே ஒரு பொதுத் தேர்தலைக் கண்டு மறைந்த கட்சியைத் தங்கள் மாணவர்கள் அறியாமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் அந்த வெற்றிக்குக் கட்சியைவிட இடமும் ஆளும்தான் காரணம் என்பது என் கருத்து. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று மூன்றே வட்டங்கள். சொந்தமாக ‘அம்மன் காசு’ அச்சிட்டுக்கொண்ட சின்னஞ்சிறு அரசு. அது இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. நான்கே ஆண்டுகளில் தேர்தல் வந்துவிட்டது. சமஸ்தானத்து மக்கள் இயக்கத்தில் அறியப்பட்டவரான வல்லத்தரசு, ஒரு வழக்கறிஞராகவும் ஊர்மக்களுக்கு முகம் தெரிந்தவர். அக்காலத்தில் வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் முறை கிடையாது; ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். வாக்காளர் தமக்கு விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரசின் இரட்டைக் காளைப் பெட்டி பக்கத்தில் இருக்க, புதுக்கோட்டை குடிசைப் பெட்டியை நிரப்பியது.

அடுத்த தேர்தலில் காங்கிரஸ் தொகுதியைக் கைப்பற்றியது. 1957இல் வென்ற இராமநாதன் செட்டியார் 1962இல் கரூர் தொகுதிக்குப் போய் அங்கும் வென்றார். புதுக்கோட்டைக்கும் கரூருக்கும் இடையே பின்னாளில் வரவிருந்த தொடர்பை நினைத்தால் இது ஒரு வேடிக்கையான முன்னோட்டம். அதைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வி: மன்னராட்சி நடந்த மண்ணில் ஒரு கம்யூனிஸ்ட் தலைவர் தொடர்ந்து இருமுறை வென்றது எப்படி? தோழர் உமாநாத் உள்ளூர்க்காரரா?
— ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி, பொன்மலை

உள்ளூர்க்காரர் அல்லர். உமாநாத் காசர்கோட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். கம்யூனிஸ்டுகள்மீது தொடுக்கப்பட்ட 1940ஆம் ஆண்டின் சென்னை சதி வழக்கில் சிறை சென்றவர். தங்கள் பொன்மலையின் கம்யூனிஸ்ட் தோழர் பாப்பா அவர்களை மணந்துகொண்டபின் திருச்சியே அவருடைய ஊராயிற்று.

1962ஆம் ஆண்டு வெற்றியின் அருமை மாநில அளவிலான முடிவுகளோடு வைத்துப் பார்க்கும்போதுதான் புலப்படும். அந்த ஆண்டு மாநிலத்தின் 41 மக்களவை இடங்களில் 31ஐக் காங்கிரஸ் வென்றது, திமுக ஏழை வென்றது. கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஒன்று அனந்த நம்பியார் வென்ற திருச்சிராப்பள்ளி, மற்றொன்று அதை ஒட்டிய புதுக்கோட்டை. காமராசர் முதலமைச்சராக இருந்த, காங்கிரசுக்குச் செல்வாக்கு மிகுந்திருந்த காலம் அது. பொன்மலைப் பணிமனையின் தொழிற்சங்கம் ஒருபுறம், கீழத்தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் இயக்கம் மறுபுறம், இரண்டுக்கும் நடுவே மழையையும் கண்மாயையும் நம்பிப் பயிர் செய்யும் வறண்ட சீமை என்று அமைந்த நிலப்பரப்பில், செங்கொடிக்குப் பிடிமானம் கிடைத்ததில் வியப்படைய ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1967ஆம் ஆண்டு வெற்றி வேறு வகையானது. 1964இல் கட்சி பிளவுபட்டது. உமாநாத் மார்க்சிஸ்ட் அணியில் நின்றார். அந்தக் கட்சி அண்ணா அமைத்த கூட்டணியில் இடம்பெற்றது. திமுக 25, சுதந்திராக் கட்சி 6, மார்க்சிஸ்ட் 4 என்று அந்தக் கூட்டணி மாநிலத்தையே அள்ளியது. காங்கிரசுக்கு எஞ்சியவை மூன்று. முதல் முறை நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியவர், இரண்டாம் முறை வெள்ளத்தோடு சேர்ந்து வந்தார் என்று சொன்னால் தவறாகாது. பின்னர் 1977இலும் 1980இலும் அவர் நாகப்பட்டினத்திலிருந்து சட்டமன்றத்திற்குச் சென்றார், 2014இல் மறைந்தார்.

கேள்வி: புதுக்கோட்டை எந்தக் கட்சியின் கோட்டையாக இருந்தது? காங்கிரஸ் கோட்டை என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.
— வணிகர், ஆலங்குடி

பெயரில் மட்டும்தான் கோட்டை. கணக்கை முதலில் பார்ப்போம்: காங்கிரஸ் ஐந்து முறை, திமுக மூன்று முறை, அதிமுக இரண்டு முறை, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி, இந்தியக் கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட், எம்ஜிஆர் அதிமுக ஆகியவை ஒவ்வொரு முறை. ஐந்து முறை வென்றதால் காங்கிரஸ் கோட்டை என்று சிலர் சொல்வது புரிகிறது. ஆனால் அந்த ஐந்தில் நான்கு, திராவிடக் கட்சி ஒன்றின் தோளில் அமர்ந்து பெற்ற வெற்றிகள். 1980இல் தோள் கொடுத்தது திமுக. 1984, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் அதிமுக. சட்டமன்றத்தில் பெரும்பங்கைத் தாம் வைத்துக்கொண்டு மக்களவையில் காங்கிரசுக்குத் தாராளமாக இடம் ஒதுக்குவது அக்காலத் திராவிடக் கட்சிகளின் வழக்கம். அந்தப் பங்கீட்டில் புதுக்கோட்டை தொடர்ந்து ‘கை’ சின்னத்துக்கு விழுந்தது.

இத்தொகுதியின் உண்மையான இயல்பு வேறொன்றில் இருக்கிறது. 1967 முதல் 2004 வரையிலான பதினொரு தேர்தல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டில் பெரும்பான்மை இடங்களை எந்த அணி வென்றதோ, அந்த அணியின் வேட்பாளரே புதுக்கோட்டையிலும் வென்றார். விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. 1971இல் திமுகவும் இந்திரா காந்தியும் கைகோத்தபோது திமுக. 1977இல் எம்ஜிஆர் தொடங்கிய கட்சி தன் முதல் பொதுத் தேர்தலில் காங்கிரசோடு நின்றபோது இரட்டை இலை. 1980இல் திமுக–இந்திரா காங்கிரஸ் அணி 39இல் 37ஐ வென்றது. அதிமுக தப்பிப் பிழைத்த இரண்டே இடங்கள் கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும். அந்தப் பட்டியலில் புதுக்கோட்டை இல்லை. 1989இல் அதிமுக–காங்கிரஸ் அணி 38 இடங்களையும், திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட சோகத்தின் நடுவே நடந்த 1991ஆம் ஆண்டுத் தேர்தலில் 39 இடங்களையும் வென்றது. இரண்டு முறையும் சுந்தரராஜ். 1996இல் திமுக–தமிழ் மாநில காங்கிரஸ் அலை 39ஐயும் வாரிக்கொண்டபோது திருச்சி சிவா.

இதைவிட நுட்பமான சோதனை அடுத்த இரண்டு தேர்தல்களில் வந்தது. 1998இல் மாநிலம் முழுவதும் ஒரே பக்கம் சாயவில்லை. அதிமுக–பாஜக அணிக்கு 30, எதிரணிக்கு 9. புதுக்கோட்டை அந்த முப்பதில் ஒன்று. 1999இல் திமுக–பாஜக அணிக்கு 26, அதிமுக அணிக்கு 13. புதுக்கோட்டை அந்த இருபத்தாறில் ஒன்று. எதிர்ப்பக்கம் சாய வாய்ப்பிருந்த இரண்டு முறையும் அது சாயவில்லை. 1996க்கும் 1999க்கும் இடையே, மூன்றரை ஆண்டுகளுக்குள், மூன்று கட்சிகளின் மூன்று உறுப்பினர்களை இத்தொகுதி தில்லிக்கு அனுப்பியது. உங்கள் தெருவில் யாரும் யாரோடும் ஒத்துப்போகாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை வைத்துத் தொகுதி மக்களை அலைக்கு ஆடும் நாணல் என்று எள்ளுவது எளிது. நான் அப்படி எண்ணவில்லை. பெருநகரம் எதுவும் இல்லாத, ஒரு சாதியோ ஒரு தொழிலோ முழுமையாக ஆதிக்கம் செலுத்தாத, ஆற்றுப் பாசனமும் பெரும்பாலும் வாய்க்காத கிராமத் தொகுதி இது. கறம்பக்குடியின் விவசாயியும் கந்தர்வகோட்டையின் முந்திரிக்காட்டுத் தொழிலாளியும் கடற்கரையின் மீனவரும் ஒரே பெட்டியில் வாக்கைப் போடும்போது, உள்ளூர்க் கணக்குகள் ஒன்றையொன்று சமன் செய்துவிட, மாநிலம் முழுவதும் வீசும் காற்றுதான் மிஞ்சுகிறது. எந்தத் தலைமையும் இத்தொகுதியைக் கண்ணைமூடி நம்பவில்லை. அதே காரணத்தால் எதுவும் இதைத் தன் சொத்தாகக் கருதிப் பாதுகாக்கவுமில்லை. தொகுதி பறிபோகும் வேளை வந்தபோது அந்தக் குறை தெரிந்தது.

கேள்வி: தொண்டைமான் மன்னர் குடும்பத்தினர் இத்தொகுதியில் நின்று வென்றதுண்டா?
— வாசகி, கறம்பக்குடி

புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியின் உறுப்பினர் பட்டியலில் அக்குடும்பத்தார் எவரும் இல்லை. தொகுதி மறைந்தபின் அரச குடும்பத்தைச் சேர்ந்த சாருபாலா தொண்டைமான் 2009இல் காங்கிரஸ் வேட்பாளராகத் திருச்சியில் நின்று 4,335 வாக்குகளில் தோற்றார். 2012ஆம் ஆண்டு புதுக்கோட்டை சட்டமன்ற இடைத்தேர்தலில் கார்த்திக் தொண்டைமான் அதிமுக சார்பில் வென்றார்.

கேள்வி: தொகுதியை நீக்கியது யார், எந்த அடிப்படையில்? மாவட்டத் தலைநகரின் பெயரில் இருந்த தொகுதியை நீக்கிவிட்டு, விராலிமலையில் இருக்கும் எங்களைக் கரூரோடு சேர்த்ததற்கு நியாயம் ஏதும் உண்டா?
— விவசாயி, விராலிமலை

நீக்கியது, 2002ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைச் சட்டத்தின்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த ஆணையம். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு அது வரைந்த எல்லைகள் 2008 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தன. 2009ஆம் ஆண்டுத் தேர்தல் அவற்றின்படி நடந்தது. தமிழ்நாட்டின் மொத்த இடங்கள் 39 மக்களவை, 234 சட்டமன்றம் என்று மாறாமல் இருந்தன. உள்ளே கோடுகள்தாம் மாறின. பழனி, பெரியகுளம், சிவகாசி, கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு, இராசிபுரம், திண்டிவனம், வந்தவாசி, திருச்செந்தூர், நாகர்கோவில் எனப் பல பழம்பெயர்கள் அப்போது மறைந்தன. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பெரியகுளம் போனால் தேனி வந்தது. சிவகாசி போனால் விருதுநகர் வந்தது. கோபி போனால் ஈரோடும் திருப்பூரும் வந்தன. நாகர்கோவில் போனால் கன்னியாகுமரி வந்தது. அங்கெல்லாம் ஒரு பெயர் போய், பெரும்பாலும் அருகிலேயே மாவட்டத்தின் பெயரோ தலைநகரின் பெயரோ அமர்ந்தது. புதுக்கோட்டையிலோ மாவட்டத்தின் பெயரே போனது. அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

இனி உங்கள் ‘நியாயம்’ பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, அலுக்காமல் படியுங்கள்.

234ஐ 39ஆல் வகுத்தால் ஆறு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மக்களவைத் தொகுதியும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளால் ஆனது. புதுக்கோட்டை மாவட்டத்தில் முன்பு ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. மறுவரையறையில் குளத்தூர் தனித் தொகுதி (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது) மறைந்து, கந்தர்வகோட்டை தனித் தொகுதியும் விராலிமலையும் புதிதாக எழுந்தன. ஆக, கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று இப்போது மாவட்டத்தில் இருப்பவை சரியாக ஆறு. ஒரு மக்களவைத் தொகுதிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அந்த ஆணையமே ஐந்தை ஆறாக்கியது. ஆறாக்கிய அதே ஆணையம் அந்த ஆறையும் நான்காகப் பிரித்துக் கொடுத்தது. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு, உங்கள் விராலிமலை கரூருக்கு.

மக்கள்தொகை போதாது என்று சொல்ல முடியுமா? 2001இல் மாநிலத்தின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். 39ஆல் வகுத்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 14 லட்சத்து 59 ஆயிரத்துச் சொச்சம். சராசரியைவிட 9 விழுக்காடு போலக் குறைவு. சராசரிக்கு மேலோ கீழோ 10 விழுக்காடு வரையிலான வேறுபாட்டை ஆணையம் பொதுவாக ஏற்றுக்கொண்டது என்பதால், மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக்க எண்ணிக்கை தடையாக இருந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன்? ஆணையத்தின் மனத்தை நான் படித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தை விரித்து வைத்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சிவகங்கை மாவட்டத்தில் இருப்பவை நான்கு சட்டமன்றத் தொகுதிகள். ஆறாக்க இரண்டு தேவை. இராமநாதபுரம் மாவட்டத்திலும் நான்கு. விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியையும் அறந்தாங்கியையும் சேர்த்து ஆறாக்கினார்கள். திருச்சி நகரைச் சுற்றி ஸ்ரீரங்கம், கிழக்கு, மேற்கு, திருவெறும்பூர் என்று நான்கு. அங்கும் இரண்டு தேவை. கரூர் தொகுதியோ கரூர் மாவட்டத்தின் மூன்றோடு வேடசந்தூர், மணப்பாறை, விராலிமலை என்று நான்கு மாவட்டங்களில் காலை வைத்திருக்கிறது. சுற்றியுள்ள நான்கு தொகுதிகளின் பற்றாக்குறைக்கும் நடுவிலிருந்த புதுக்கோட்டை ஈடு கொடுத்திருக்கிறது. நான்கு வீட்டுக்காரர்கள் சுவர் எழுப்பியபோது நடுவிலிருந்தவரின் மனை காணாமல் போன கதைதான்.

ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் சமாதானம் சொல்ல முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருமயம் பகுதியின் பல ஊர்கள் செட்டிநாட்டைச் சேர்ந்தவை. காரைக்குடியோடு அவற்றுக்கு உறவு இயல்பானது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கடற்கரையின் மீனவருக்கும் இராமேசுவரம் மீனவருக்கும் கவலை ஒன்றுதான். நாடாளுமன்றத்தில் அதை ஒருவரே பேசுவது நல்லதென்றும் வாதிடலாம். உங்களுக்குச் சொல்லத்தான் என்னிடம் சமாதானம் இல்லை. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் இருக்கும் விராலிமலைக்காரர் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் திருச்சிக்குப் போகிறார், ஆட்சியரைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போகிறார், எம்.பி.யைத் தேடி மட்டும் கரூரை நோக்கிப் போக வேண்டும். நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே மறுவரையறைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

‘அப்போது நம் அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்?’ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்கள் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. வரைவு வெளியிடப்பட்டு ஆட்சேபணைகளும் கேட்கப்பட்டன. இறுதி ஆணை வெளிவந்தபின் அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 329ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. இதில் இன்னொரு முரணையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொகுதியின் கடைசி இரு உறுப்பினர்களும் ஒன்றிய அமைச்சரவையில் இணை அமைச்சர் பதவி வகித்தவர்கள். திருநாவுக்கரசர் வாஜ்பாய் அரசில் இருந்தார். ரகுபதி மன்மோகன் சிங் அரசில் உள்துறையிலும், பின் சுற்றுச்சூழல்–வனத்துறையிலும் இருந்தார். தில்லியில் முன் எப்போதும் இல்லாத செல்வாக்கு வாய்த்த காலத்தில்தான் தொகுதி போயிற்று.

கேள்வி: 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் எங்கள் பகுதியில் பலர் ‘49-ஓ’ போட்டதாக நினைவு. நோட்டாவும் அதுவும் ஒன்றா?
— வாசகர், அறந்தாங்கி

நோக்கம் ஒன்று, முறை வேறு. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்ற விதியின்படி, எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் வாக்குச்சாவடி அலுவலரிடம் அதைச் சொல்லி, பதிவேட்டில் அக்குறிப்புக்கு நேரே கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். முகவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரகசியம் என்பதே இல்லை. நோட்டா பொத்தான் வந்தது 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

தொகுதியை மீட்பதற்கென்று புதுக்கோட்டையில் குழு அமைத்துப் போராடியவர்கள் 2009இல் 49-ஓவைக் கையிலெடுத்தார்கள். அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று, எல்லோர் முன்னிலையிலும் பெயரெழுதிக் கையொப்பமிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் இதற்கும் உள்ள தொலைவை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு, புதுக்கோட்டை மண்ணைப் பங்கிட்டுக்கொண்ட தொகுதிகளில் இரண்டில் முடிவு நூலிழையில் அமைந்தது. திருச்சியில் 4,335 வாக்கு வேறுபாட்டை மேலே சொன்னேன். சிவகங்கையில் ப. சிதம்பரம் வென்றது 3,354 வாக்குகளில். வாக்களிக்க மறுத்தவர்கள் முடிவை மாற்றியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கும் எடைபோடப்பட்ட தேர்தல் அது.

கேள்வி: நான்கு எம்.பி.க்கள் இருப்பது ஓர் எம்.பி. இருப்பதைவிட நல்லதுதானே? நால்வரிடமும் கேட்கலாமே!
— வாசகர், கீரனூர்

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நால்வர் என்றால் 20 கோடி என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் அந்த ஐந்து கோடியை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பங்கிட வேண்டும். சரிசமமாகப் பங்கிட்டாலே நான்கு தொகுதிகளிலிருந்தும் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு பகுதிகளுக்கு வந்து சேர்வது மொத்தத்தில் அதே 5 கோடிதான். பணத்தில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. குறைவு வேறிடத்தில் இருக்கிறது.

சிவகங்கை உறுப்பினருக்கு ஆறில் நான்கு பகுதிகள் சொந்த மாவட்டத்தில் உள்ளன. கரூர், இராமநாதபுரம் உறுப்பினர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒவ்வொன்றுதான். ஒரு மாவட்டம் முழுவதற்கும் உரிய கோரிக்கையை, எடுத்துக்காட்டாக ஒரு ரயில் பாதையையோ ஓர் ஒன்றிய அரசு நிறுவனத்தையோ, எவர் தம்முடையதென்று சுமப்பார்? 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது செய்திகள் எல்லாம் ‘புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல்’ என்றே எழுதின. ஆனால் அவ்வூரின் எம்.பி. சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினர். அதே சமயம் ஒரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் வழியாகச் செல்லும் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்த் திட்டத்துக்கு 2021இல் உங்கள் மாவட்டத்தின் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். மாவட்டத்தைப் பங்கிட்டுக்கொண்ட நான்கு பெயர்களையும் அந்தக் கால்வாய் வரிசையாகத் தொட்டுச் செல்கிறது. நான்கு எம்.பி.க்களும் ஒரே கோரிக்கைக்காக ஒன்றாக எழுந்து நிற்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கேள்வி: தொகுதி மறைந்தபின் அதன் பழைய உறுப்பினர்கள் என்ன ஆனார்கள்?
— வாசகி, கந்தர்வகோட்டை

திருச்சி சிவா மாநிலங்களவைக்குச் சென்றார். திருநங்கையர் உரிமைக்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015இல் அந்த அவையில் நிறைவேறியது. ரகுபதி சட்டமன்றத்தை நோக்கித் திரும்பி, 2016இலும் 2021இலும் திருமயத்தில் வென்று, தமிழ்நாட்டின் சட்ட அமைச்சரானார்.

சுவையானது திருநாவுக்கரசரின் பயணம். அறந்தாங்கியிலிருந்து பலமுறை சட்டமன்றம் சென்றவர் அவர். தொகுதி உடைந்தபின் 2009இல் பாஜக வேட்பாளராகவும் 2014இல் காங்கிரஸ் வேட்பாளராகவும் இராமநாதபுரத்தில் நின்று தோற்றார். 2019இல் காங்கிரஸ் வேட்பாளராகத் திருச்சியில் வென்றார். ஊர் ஊராக அலைந்தார் என்று தோன்றும். ஆனால் இராமநாதபுரத்தில் அறந்தாங்கி இருக்கிறது. திருச்சியில் புதுக்கோட்டை இருக்கிறது. தம் பழைய வாக்காளர்கள் எந்தெந்தத் தொகுதிகளுக்குப் பிரிந்து போனார்களோ, அங்கெல்லாம் அவரும் போனார்.

கேள்வி: அடுத்த மறுவரையறையில் புதுக்கோட்டை திரும்பக் கிடைக்குமா?
— ஊரை விட்டு வெளிநாட்டில் பணிபுரியும் வாசகர், சொந்த ஊர் கீரமங்கலம்

ஆரூடம் சொல்லும் பகுதி இதுவன்று. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 2001ஆம் ஆண்டின் 84ஆவது அரசமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிவரும் வரை நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டின் பொதுவான கவலை, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடங்களை இழக்குமா என்பது. புதுக்கோட்டைக்காரரின் கேள்வி அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி: மாநிலத்துக்கு எத்தனை இடம் கிடைத்தாலும் உள்ளே கோடு எங்கே விழும் என்பது. மொத்த எண்ணிக்கை மாறாதபோதே ஒரு தொகுதி காணாமல் போகும் என்பதைக் கண்டவர்கள் நீங்கள். அடுத்த ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும் நாளில், ‘மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன’ என்ற ஒரு வரியைப் புதுக்கோட்டையிலிருந்து செல்லும் ஒவ்வொரு மனுவின் தலைப்பிலும் எழுதிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தின் பின்குறிப்புக்கும் பதில்: ஆம், 2024இல் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம்தான். ஆனால் பலாவுக்குப் பெயர்பெற்ற உங்கள் கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்து வாக்காளர்கள் சிவகங்கைத் தொகுதியில் இருப்பதால் அதைத் தங்கள் இயந்திரத்தில் பார்க்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

கேள்வி: நான் திருமணமாகி அண்மையில்தான் பொன்னமராவதிக்கு வந்தேன். என் எம்.பி. எந்த ஊர் எம்.பி.? கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.
— புதிய வாக்காளர், பொன்னமராவதி

மாவட்டம் புதுக்கோட்டை, சட்டமன்றத் தொகுதி திருமயம், மக்களவைத் தொகுதி சிவகங்கை. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது மூன்றையும் இந்த வரிசையில் எழுதுங்கள்.